முருகன் முகத்தில் ஒட்டிய டேப்பு

காலைக் காப்பி கூட இறங்கவில்லை, அதற்குள் மாமியார் செந்தாமரையின் குரல் கூடத்தில் ஏறிவிட்டது.

“சாமி மூஞ்சில பெருக்கல் குறி போட்டுக்கினு உக்காந்திருக்கிறியே… இது வெளங்குமா?”

அம்சா நிமிரவில்லை. காகித டேப்பைக் கிழித்துச் சாமி படத்தின் கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் அரிபிரசாத் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபோகிறான். கூடத்தில் மாட்டியிருந்த தஞ்சாவூர் ஓவியம், தங்க ரேக்கும் கல்லும் பதித்த ஆளுயர முருகன், அவனோடு போகவேண்டும் என்பது செந்தாமரையின் முடிவு. சமையல் முடிந்த பிற்பகல்களில் குனிந்து குனிந்து அதை வரைந்தவள் அம்சா. விழுப்புரத்தில் யார் வந்து பார்த்தாலும் “எங்க வீட்டு முருகரு” என்று மட்டும்தான் மாமியார் சொல்வாள். கொடுத்துவிடலாம் என்று கணவன் துரைக்கண்ணு தலையாட்டியபோது, அம்சாவை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கெடாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் அவள் கட்ட உட்கார்ந்தாள்.

எத்தனை முறை சொல்வது! கண்ணாடி உடையவே உடையாது என்று யாராலும் சொல்ல முடியாது. உடைந்தால் சில்லு விழுந்து தங்க ரேக்கைக் கீறும். கீறல் விழுந்த ரேக்கைப் பழையபடி ஆக்கவே முடியாது. டேப்பு இருந்தால் சில்லுகள் விழாமல் அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பெட்டி எப்போதும் மூலையில்தான் இடிபடும் என்பதால் நாலு மூலைக்கும் பழைய புடவையைச் சுருட்டி வைத்தாள். வேனில் உயரம் போதாது, பக்கவாட்டில்தான் நிறுத்த வேண்டும் என்றாள்.

“முருகரு ஒருக்களிச்சிக்கினா போவாரு? மல்லாக்கப் படுக்க வையி.”

“படுக்க வெச்சா நடுவுல அழுத்தம் விழும் அத்த. அப்பளத்தப் படுக்க வெச்சி நடுவுல அமுக்கிப் பாருங்க. அதையே நிமித்திப் புடிச்சா அவ்ளோ சீக்கிரம் உடையாது.”

“அப்பளமும் சாமியும் ஒண்ணா உனக்கு? குடுக்க மனசில்லன்னா வாய விட்டுச் சொல்லு. இப்பிடி அபசகுனமா ஒட்டி அனுப்பாத…”

அம்சாவுக்குக் கண் கலங்கியது. பதில் சொன்னால் பேச்சு வளரும். பெட்டியை மூடி, வேனில் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டும்படி டிரைவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கப்பலில் சாமான் அனுப்பும் கம்பெனியின் கிடங்கு திண்டிவனம் பைபாஸில் இருந்தது. அங்கே சரிபார்க்கப் பெட்டியைத் தூக்கியபோது உள்ளே கலகலவென்று சத்தம். வேனுக்குப் பின்னால் காரில் வந்திருந்த குடும்பமே பெட்டியைச் சூழ்ந்துகொண்டது.

“வயிறெரிஞ்சி ஒட்டினா இப்பிடித்தான் ஆவும்,” என்றாள் செந்தாமரை.

அம்சா கட்டைப் பிரித்தாள். கண்ணாடி நடுவிலிருந்து விரிசல் விட்டு நொறுங்கியிருந்தது. ஓரத்துச் சில்லுகள் சில சட்டத்தின் இடுக்கில் கிடந்தன. மற்றவை டேப்பில் ஒட்டி அப்படியே நின்றன. சட்டத்தைக் கழற்றி மெல்ல உரித்தாள்; நொறுங்கிய கண்ணாடி ஒரே விரிப்பாகக் கையோடு வந்தது. அடியில் முருகன் ஒரு கீறல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

“நிமித்தித்தான கட்டுனோம்? நடுவுல எப்பிடி அழுத்தம் வந்துது?” என்று அரிபிரசாத் வேன் டிரைவரைப் பிடித்துக்கொண்டான். டிரைவர் செந்தாமரையைப் பார்த்தான்.

“அவன ஏண்டா கேக்கற? நான்தான் படுக்க வெக்கச் சொன்னேன். மேல பொட்டியயும் ஏத்தச் சொன்னேன்…” செந்தாமரையின் குரல் இறங்கியது. குனிந்து, கீறல் விழாத தங்க ரேக்கை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகனிடம் திரும்பினாள். “நான் எடுத்துக் குடுக்க இது என்னுது இல்லடா. அவ வரைஞ்சது. அவளக் கேட்டு வாங்கிக்கினு போ.”

அரிபிரசாத் தயங்கித் தயங்கி, “அண்ணி… குடுப்பீங்களா?” என்றான்.

கேட்டதே போதும் என்பதுபோல் அம்சா உடைந்து அழுதாள். “எடுத்துக்கினு போங்க தம்பி. வேற கண்ணாடி போட்டுக்கலாம். அங்க யாராவது கேட்டா மட்டும்… எங்க அண்ணி வரைஞ்சதுன்னு சொல்லுங்க.”

செந்தாமரை அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“சொல்லுவான். போன் போட்டு நானே கேப்பேன், சொன்னியாடான்னு.”