கோட் போட்ட உடம்பு

எந்த மென்பொருள் பொருந்தும், எது பொருந்தாது என்று பார்த்துச் சொல்லும் அந்தச் சின்ன நிரல், ஐலீன் தன் கணினியில் ஏற்றவே ஏற்றாத ஒன்றையும் பட்டியலில் காட்டியது.

புது இயங்குதளத்துக்கு மாறுவதற்கு முன் படம் திருத்தும் மென்பொருள் அதில் ஓடுமா என்று பார்த்துவிட வேண்டும். ஓடாவிட்டால் பிழைப்பே போய்விடும். கோத்தா திங்கி ஊரில் செத்தவர்களுக்கு மாலை போட்டு மாட்டும் படங்களை அவள்தான் செய்து தருகிறாள். அடையாள அட்டையிலிருந்து ஒரு முகத்தை அனுப்பி, "கோட் போட்டுருங்கக்கா" என்பார்கள். கோட்டுக்கு எங்கே போவது? தன் கல்யாணப் படத்தில் கணவன் ஸ்டானிஸ்லாஸின் தலையை வெட்டிவிட்டு, அந்த உடம்பின்மேல் செத்தவர் தலையை வைத்துவிடுவாள். பத்து வருஷமாக அதே கோட், அதே உடம்பு. வெட்டிய இடத்தில் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சதுரங்கள் தெரியும். அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் மழை விடாமல் இரைந்தது, ஜன்னல் இடுக்கு வழியாக ஆற்றுச் சேற்றின் வாடை வந்தது, கழுத்து வலியென்று எம்.சி. வாங்கி வேலைக்கு மருத்துவ விடுப்பு போட்டு அறையில் படுத்திருந்த ஸ்டானிஸ்லாஸ் புரளும்போதெல்லாம் கட்டில் முனகியது.

"இன்னுமா அத நோண்டிக்கிட்டு இருக்க? வலி உயிர் போகுதுலா."

"கத்தாதீங்க. முடிச்சிட்டு வரேன்."

எரிச்சலோடு திரையைப் பார்த்தாள். எல்லாம் பச்சை. அவள் ஏற்றாத அந்த ஒன்று மட்டும் சிவப்பு. 'தலை: பொருந்தாது. நீக்கவா?' ஏதோ பழைய குப்பை என்று 'ஆம்' என்பதை அழுத்திவிட்டாள்.

கட்டில் முனகல் நின்றது.

பட்டியல் தானாகக் கீழே நகர்ந்தது. உடம்பு: ஸ்டானிஸ்லாஸ். அதன்கீழ் தலைகள். சதாசிவம், பொருந்தும். கமலநாதன், பொருந்தும். வெள்ளத்தில் போன சபாபதி, பொருந்தும். நாற்பத்து மூன்று பேர். எல்லாரும் அவள் ஒட்டிய தலைகள். கடைசியில் ஒரே ஒரு பெயர். ஸ்டானிஸ்லாஸ், நீக்கப்பட்டது.

மீட்கும் பொத்தானைத் தட்டினாள். அசையவில்லை. மறுபடி தட்டினாள்.

"என்னங்க?"

அறைக்குள் ஒரு கிழவனின் குரல்.

"நான்தான் மொதல்ல செத்தேன்."

"தள்ளுய்யா. இது என் கோட்."

இன்னொரு குரல். இன்னொன்று. எல்லாம் ஒரே இடத்திலிருந்து. சட்டென்று அடங்கின.

உள்ளே இருப்பது அவள் புருஷன். கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கல்யாணக் கோட். எப்போதோ கோயிலில் தானம் கொடுத்துவிட்ட கோட். மூன்று பித்தானும் போட்டிருந்தது. கைகள் படத்தில் இருப்பதுபோலவே தொடைமேல்.

கழுத்துப்பட்டிக்கு மேலே சாம்பலும் வெள்ளையுமான சின்னச் சதுரங்கள்.

இரண்டு கைகளும் மெல்ல எழுந்து, அந்தச் சதுரங்களுக்குள் தலையைத் தேடின.