உறங்கிய கூரைகள்

சித்திரை முதல் நாள், உச்சிப்பொழுதுக்கு முன்பே மின்வலையின் அதிர்வெண்ணான மின்துடிப்பு ஆபத்து எல்லையைத் தொட்டுவிட்டது. மின்சாரத்தின் வரவையும் செலவையும் சமன்செய்யும் தென்மண்டல மின்சமன் நிலையத்தில் பணியில் இருந்த பொறியாளர் ஜெசிந்தா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. துடிப்பைக் காட்டும் கோடு மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

முந்தின நாள் பெய்த கோடைமழை கூரைகளின் புழுதியைக் கழுவிவிட்டிருந்தது. வெயில் கண்ணைப் பறித்தது. காற்றோ குளிர்ச்சியாக வீசியது. எந்த வீட்டிலும் ஏசி ஓடவில்லை. புத்தாண்டு விடுமுறை என்பதால் ஆலைகளும் மூடிக் கிடந்தன. மின்சாரம் கொட்டிக்கொண்டிருந்தது, குடிக்கத்தான் ஆளில்லை. இப்படி மிஞ்சிக்கொண்டே போனால் துடிப்பு எகிறி மின்வலையே சரிந்துவிடும்.

எல்லாம் ஒளித்தோல் வந்த பிறகுதான். வெள்ளையடிப்பதுபோல் கூரையிலும் சுவரிலும் பூசினால் போதும், வெயில் படும் இடமெல்லாம் மின்சாரம். அரசு அதை இலவசமாகக் கொடுத்தது, கிடைத்த மின்சாரம் முழுவதையும் விலைக்கு வாங்கியது. ஜனங்கள் நம்பிப் பூசவேண்டும் என்பதற்காக ஒரு சட்டமும் போட்டது: ஒரு வீட்டின் ஒளித்தோலை உறங்க வைக்கவும் எழுப்பவும், அதாவது மின்சாரத்தை நிறுத்தவும் திறக்கவும், உரிமை அந்த வீட்டுக்காரருக்கு மட்டுமே உண்டு, அரசு அதில் கை வைக்காது. பத்தே ஆண்டுகளில் கோழிக்கூண்டு வரை பூசிவிட்டார்கள்.

கூரைகளைச் சற்று நேரம் உறங்க வைக்கும்படி ஜெசிந்தா எல்லார் கைப்பேசிக்கும் வேண்டுகோள் அனுப்பினாள். கோடு இறங்கவில்லை. பாளையங்கோட்டையில் வீட்டில் இருந்த கணவன் செல்வினை அழைத்தாள். மெசேஜைப் பார்த்ததாகச் சொன்னான்.

"பாத்துட்டு ஏன் சும்மா இருக்கீங்க?"

"தெருவுல ஒருத்தனும் நிறுத்தல ஜெசி. நாம மட்டும் நிறுத்தி என்ன ஆகப்போவுது?"

மண்டலம் முழுக்க எல்லா வீட்டிலும் இதே பதில்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. கோபப்படக்கூட நேரமில்லை.

எரிசக்திச் செயலர் நூருதீன் தலைநகரிலிருந்து அழைத்தார். கூரையை உறங்க வைப்பவர்களுக்கு இன்றைக்கு மட்டும் மின்சார விலையில் இரட்டிப்பு ஊக்கத்தொகை அறிவிக்கப் போவதாகச் சொன்னார். மாவட்டம் மாவட்டமாக அறிவிக்கும்படி ஜெசிந்தா கேட்டுக்கொண்டாள். ஒரு மாவட்டத்துக்குக் கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காவிட்டால் சண்டைக்கு வருவார்கள் என்றார் அவர். எல்லாருக்கும் ஒன்றாகவே அறிவிப்பு போனது.

கோடு நின்றது, தயங்கியது, பிறகு செங்குத்தாகக் கீழே விழுந்தது. கன்னியாகுமரி முதல் திருச்சி வரை அத்தனை கூரைகளும் ஒரே மூச்சில் உறங்கிப்போயின. நிலையத்தின் விளக்குகள் அணைந்து, அவசர விளக்குகள் எரிந்தன. செல்வின் உடனே கூப்பிட்டான். "நிறுத்திட்டேன் ஜெசி," என்றான். குரலில் அவ்வளவு திருப்தி.

ஜெசிந்தாவின் வீட்டுத் தெருவுக்கு எதிரே குழந்தைகள் மருத்துவமனை இருந்தது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டிகள் இப்போது மின்கலனில் ஓடின. இன்னும் ஒன்றரை மணி நேரம் தாங்கும் என்று அங்கிருந்த மருத்துவர் ஜெசிந்தாவை அழைத்துச் சொன்னார்.

ஜெசிந்தா அணைக்கட்டின் பழைய இயந்திரங்களை எழுப்பினாள். அவற்றால் துடிப்பைத்தான் கொடுக்க முடியும். அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு கூரைகள் தெருத்தெருவாக விழித்தால்தான் மின்சாரம். ஆனால் கூரை உறங்கிக் கிடக்கும் வரை இரட்டிப்புத் தொகை ஏறிக்கொண்டே இருந்தது. அறிவித்த சலுகையை அன்று மாலைக்குள் திரும்பப் பெறவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

"அப்போ கூரையத் திறக்கிறவங்களுக்கு மூணு மடங்குன்னு போட்டுரலாம்மா," என்றார் நூருதீன்.

"வேண்டாம் சார். எல்லாரும் ஒண்ணாத் திறந்துருவாங்க. அணைக்கட்டு மெஷினும் போயிரும், அதுக்கப்புறம் எழுப்ப ஒண்ணுமே இருக்காது. கொஞ்ச நேரம் எதையுமே அறிவிக்காதீங்க."

அவர் சரி என்றார்.

அவள் செல்வினை மறுபடி அழைத்தாள். முதலில் நம் வீட்டுக் கூரை, பிறகு வீடு வீடாகப் போய்க் கேளுங்கள் என்றாள். திறந்தால் என்ன தருவார்கள் என்று கேட்பார்களே என்றான். ஒன்றும் தரமாட்டார்கள் என்றே சொல்லுங்கள் என்றாள்.

செல்வினுக்கு யாரிடமும் போய் நிற்பது பிடிக்காது. ஆனாலும் கூரையை எழுப்பிவிட்டு வெயிலில் இறங்கினான். முதல் வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. அடுத்தவர் அறிவிப்பு வரட்டும் என்றார். மூன்றாவது வீட்டில் ஆவுடையம்மாள் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ், அவன் பேசி முடிப்பதற்குள் விசையைத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவனோடு கிளம்பினாள். எதிர் மருத்துவமனையின் குறைமாதப் பிள்ளைகள் வார்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். கெஞ்சிப் பேச அவளுக்குத் தெரியாது. "உள்ள பிள்ளைய கெடக்கு. தெறக்கியளா இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். சிலர் வெட்கப்பட்டுத் திறந்தார்கள். பலர் திறக்கவில்லை.

ஜெசிந்தாவின் திரையில் இருண்ட வரைபடத்தின் நடுவே ஒரே ஒரு தெரு மினுக்கியது. அணைந்தது. மறுபடி மினுக்கி, நிலைத்தது. மருத்துவமனை மின்கலனின் கடைசிச் சொட்டு தீர்வதற்குள் பெட்டிகள் கூரை மின்சாரத்துக்கு மாறிவிட்டதாகச் செய்தி வந்தது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுதாளா என்று பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கவில்லை.

மற்ற ஊர்களுக்கு வெளிச்சம் வந்தது பொழுது சாய்ந்த பிறகுதான். வெயில் போனதும் கூரைகள் உறங்கினாலும் விழித்தாலும் ஒன்றாகிவிட, கடலோரக் காற்றாலைகள் கைகொடுத்தன.

அதற்குள் நூருதீன் பத்திரிகையாளர்களைச் சந்தித்துவிட்டார். எந்த ஆதாயமும் பாராமல் கூரையைத் திறந்த பாளையங்கோட்டைத் தெருவாசிகளை மனதாரப் பாராட்டினார். அவர்களுக்கும், இனி இதுபோன்ற மின்தடையில் முன்வந்து திறப்பவர்களுக்கும் ஐந்து மடங்கு ஊக்கத்தொகை என்று அறிவித்தார்.

ஜெசிந்தா வீட்டுக்குக் கிளம்பும்போது செல்வின் கூப்பிட்டான். வாசலில் தெருவே கூடி நிற்பதாகச் சொன்னான். கதவைத் திறக்காதவர்கள்கூட, தாங்களும் கூரையைத் திறந்ததாக அவன் சாட்சி சொல்ல வேண்டுமாம். ஆவுடையம்மாள் அவர்களோடு பேசாமல் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாளாம்.

"அவங்கள அனுப்பிட்டுப் படுங்க. நான் வந்துட்டிருக்கேன்," என்றாள் ஜெசிந்தா.

"போக மாட்டேங்காங்க ஜெசி," என்றான் அவன். "அடுத்த தடவ கரண்டு என்னைக்குப் போகும்னு உன்கிட்ட கேட்டுச் சொல்லச் சொல்லுதாங்க."