பத்திரத்தில் இருந்த ஒரு வரி

பூட்டிக் கிடந்த அறையின் கதவுக்கு அடியிலிருந்து வந்த காற்று சூடாக இருந்தது.

யோசப்பின் முதலில் அதைத் தன் உடம்புச் சூடு என்றுதான் நினைத்தாள். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமைப் பிற்பகல். மேல்மாடி நடையில் முழங்காலில் இருந்து சுவரோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புதுப் பெயின்ற் மணமும், யாரோ ஒருவருடைய அடுப்பில் விறகு எரியும் மணமும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. ஈரத்துணியோடு விரல்கள் கதவிடுக்கை நெருங்கியபோது, உள்ளே யாரோ குனிந்து மெதுவாக மூச்சு விட்டதுபோல ஒரு வெதுவெதுப்பு அவற்றின்மேல் பட்டது. கையை எடுக்காமல் வைத்திருந்தாள். சூடு நின்றது. பிறகு மறுபடியும் வந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள்.

"கீழ் அறைச் சூடு சுவருக்குள்ளால ஏறியிருக்கும்," என்றான் அன்ரன், தட்டிலிருந்து தலையை எடுக்காமல். "பழைய வீடெண்டால் அப்பிடித்தான்."

"அந்த அறை ஹீற்றரை, வீட்டை வித்த மனுசியின்ர மகன் நிப்பாட்டிப்போட்டுத்தானே பூட்டினவர்?"

"யோசப்பின், வீடு வாங்கி இன்னும் மூண்டு மாசம் ஆகேல்லை. இப்பவே தொடங்காதையும்."

ஜேர்மனியின் ஹம் நகரத்தில் இருபத்திரண்டு வருடம் வாடகை வீடுகளில் இருந்தவர்கள் அவர்கள். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையில் இடிப்பதும், கறி மணத்தைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரர் கடிதம் போடுவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் குசினிக்குள்கூடக் குதியுயர்த்தி நடப்பதுமாகப் போன வருடங்கள். இப்போது நகரத்தின் விளிம்பில், பதினொரு வீடுகள் மட்டுமே உள்ள ஒரு தெருவில், செங்கல் வீடு ஒன்று அவர்கள் பெயரில் இருந்தது. மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு புல்வெட்டும் இயந்திரம்கூட ஓயும் தெரு அது. தேவாலயத்தில் சந்திக்கிறவர்களிடம் அன்ரன் "எங்கட வீட்டில" என்று சொல்லும்போது குரல் ஒரு படி உயரும். யோசப்பினுக்கு மட்டும் அந்தச் சொல் வாயில் ஒட்டவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

வீட்டைக் கொண்டுவந்தவள் அவள்தான். அவள் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறவள். பக்கவாதம் வந்து, இரண்டு கால்களும் அசையாமல், இரண்டு வருடமாகப் பதினான்காம் அறையில் படுத்திருந்த ஃபிறாவ் லோமான் என்ற கிழவியைக் குளிப்பாட்டி உணவூட்டுவது அவளுடைய முறை. ஒருநாள் கிழவியின் மகன் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அவளிடம் அலுத்துக்கொண்டார். தாயின் வீட்டை விற்க முடியவில்லை. பார்க்க வந்த இரண்டு குடும்பமும் பத்திரத்தில் ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. அதை அவருடைய தகப்பன் எழுதிவைத்திருந்தார். வீடு யார் கைக்குப் போனாலும், மேல்மாடியில் தெற்குப் பக்க அறையில் குடியிருக்கும் உரிமை ஃபிறாவ் லோமானுக்கு, அவர் உயிரோடிருக்கும் வரை. வோன்றெக்ற் என்று அதற்குப் பெயர். அதனாலேயே விலை குறைந்தது. அதனாலேயே இவர்களால் வாங்க முடிந்தது.

கையெழுத்து வைக்கப்போன அன்று, காரை நிறுத்திவிட்டு அன்ரன் சொன்னான். "தொண்ணூற்றொரு வயசு. இன்னும் எவ்வளவு நாளைக்கு?"

யோசப்பின் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதும் ஒரு கையெழுத்துத்தான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை கஞ்சி ஊட்டும்போது, ஃபிறாவ் லோமான் கரண்டியைத் தள்ளிவிட்டு அவளைப் பார்த்தார். பால்போல வெளிறிய கண்கள். அவரைச் சுற்றி எப்போதும் ஒடிக்கொலோன் மணம் இருக்கும்.

"வெள்ளிக்கிழமை மீன் பொரித்தீர்கள்," என்றார். ஒரு பக்கம் கோணிய வாயானாலும் ஜேர்மன் சொற்கள் தெளிவாக வந்தன.

"ஆம், நாங்கள் கத்தோலிக்கர். வெள்ளியில் மீன்தான்," என்று சிரித்தாள் யோசப்பின். ஊகித்துச் சொல்லக்கூடிய விஷயம்தானே.

"உங்கள் கணவர் ஏழாம் படியில் நின்று இருமுகிறார். அந்தப் படி தளர்ந்திருக்கிறது. விழுந்துவிடப் போகிறார்."

யோசப்பின் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து படிகளை எண்ணினாள். ஏழாவது படி காலுக்குக் கீழே முனகியது.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக அவளோடு பேசினாள்.

"உங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். மேல் அறை யன்னலின் இழுவைக் கதவைத் தினமும் காலை ஏழு மணிக்குத் தூக்கிவிடுகிறீர்கள். ஃபிறாவ் லோமானும் அப்படித்தான் செய்வார். மூடியே கிடந்தால் செத்த வீடு மாதிரி இருக்கும்."

யோசப்பின் அண்ணாந்து பார்த்தாள். யன்னலுக்கு வெளியே, நாடாவால் இழுத்து ஏற்றி இறக்கும் அந்த மரச் சட்டங்கள் முழுதாக ஏறியிருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் திரை. திரையின் நடுவில், ஆள் உயரத்தில், நெற்றி அழுத்தியதுபோல ஒரு மங்கல் வட்டம்.

பூட்டியிருந்த அந்த அறையின் திறப்பு இந்த வீட்டில் இல்லை. அது ஃபிறாவ் லோமானின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. தினமும் துடைக்கும்போது யோசப்பின் அதைத் தூக்கி, அதன் கீழே பதிந்திருக்கும் சிவந்த தழும்பைத் துடைத்து, திரும்ப வைப்பாள்.

"கழட்டிக்கொண்டு வாருமன்," என்றான் அன்ரன். முதுகுவலி என்று அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். அவனும் எதையோ கேட்டிருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. சொல்லமாட்டான். ஆனால் தொலைக்காட்சியின் சத்தத்தை நாளுக்கு நாள் கூட்டினான். "ஒருக்காத் திறந்து பாத்திட்டுக் குடுப்பம்."

"ஏலாது. அது அவவின்ர."

"வீடு எங்கட."

"அறை அவவின்ர, அன்ரன்."

மறுநாள் காலை, கேட்காமலே ஃபிறாவ் லோமான் சொன்னார். "எனக்கு அந்த ஒரு அறைதான். நான் ஒழுங்கான பெண். உங்கள் சமையலறையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வைத்தேனா?"

"இல்லை," என்றாள் யோசப்பின்.

"நான் இறந்த பிறகு அந்த வரியை அழித்துவிடுவார்கள், அப்படித்தானே?"

"அப்படித்தான் சொன்னார்கள்."

"நல்லது," என்று கண்களை மூடிக்கொண்டார் கிழவி. "அப்படியானால் ஒரு அறை மட்டும் என்ற எல்லையும் அழிந்துவிடும்."

வியாழக்கிழமை பதினொரு மணியளவில் பதினான்காம் அறைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. யோசப்பின் நடையின் மறுமுனையில் உணவுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விளக்கைக் கண்டாள். அது கூப்பிடுகிற விளக்கு. கண்டால் ஓட வேண்டும். இருபது வருடமாக ஓடியிருக்கிறாள். கால் அசையவில்லை. அவள் கோப்பைகளைக் கைபிடி ஒரே பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். துவாய்த்தாள்களை மடித்தாள். நாலு நிமிடம். ஐந்தாகவும் இருக்கலாம். அந்த நேரம் முழுக்க அவள் மனதில் ஒரே ஒரு படம்தான் இருந்தது: மேல்மாடி, தெற்குப் பக்கம், வெயில் விழுகிற வெற்று அறை.

போனபோது கிழவியின் கண்கள் வாசலைப் பார்த்தபடி திறந்திருந்தன.

வைத்தியர் வந்து போனார். யோசப்பின் எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். உடம்பைக் கழுவி, முடியை நனைத்துச் சீவி, துவாயைச் சுருட்டித் தாடைக்குக் கீழே வைத்து, கைகளை மார்பில் கோர்த்து, இங்கே வழக்கமாகச் செய்வதுபோல யன்னலை அகலத் திறந்துவிட்டாள். பிறகு சங்கிலியைக் கழற்றித் திறப்பைத் தன் சட்டைப்பைக்குள் போட்டாள். எவரும் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்குள் வந்தபோது அன்ரன் சோபாவில் இருந்தான்.

"அவ போயிட்டா," என்றாள்.

அவன் சிலுவை அடையாளம் போட்டான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். இருவருக்கும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தார்கள். அவள் திறப்பை எடுத்துக் காட்டினாள்.

"போய்த் திறந்து பாரும்," என்றான் அவன் தாழ்ந்த குரலில். "நான் தேத்தண்ணி போடுறன்."

திறப்பு இலகுவாகத் திரும்பியது. உள்ளே இருட்டு, குளிர். பல்லைக் கிட்டவைக்கும் குளிர். விளக்கைப் போட்டாள். வெள்ளைத் துணி மூடிய கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் காய்ந்த பனையோலைக் குருத்தோடு ஒரு சிலுவை. தரையில் இரண்டு வருடத் தூசி, ஒரு காலடியும் படாமல், பஞ்சுபோல. யன்னலின் இழுவைக் கதவு அடிவரை இறங்கிக் கிடந்தது. அதைத் தூக்கும் நாடா உக்கி, அறுந்து, பாதி சுவரோடு தொங்கியது. இதை ஒருவராலும் தூக்கியிருக்க முடியாது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அன்ரன், வந்து பாருங்கோ. இஞ்ச ஒண்டுமில்லை."

கீழே கேத்தல் கொதித்து, டக்கென்று நின்றது.



பிறகு ஒரு சத்தம். குசினி யன்னலின் இழுவைக் கதவு இறங்கும் சத்தம். தடதடவென்று அல்ல. நாடாவைக் கையில் பிடித்து, அவசரமில்லாமல், ஒழுங்காக இறக்குகிற சத்தம். அது முடிந்தது. ஒரு இடைவெளி. முன்னறை. மறுபடியும் இடைவெளி. பின்னறை. படிக்கட்டில் பகல் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிருந்து அணைந்துகொண்டு வந்தது.

"அன்ரன்?"

ஏழாவது படி முனகவில்லை. எவரும் ஏறவில்லை. ஆனால் நடையின் மறுமுனையில், அவர்களுடைய படுக்கையறைக்குள், நாலாவது இழுவைக் கதவு இறங்கத் தொடங்கியது.

அவள் ஓடினாள். கீழேயிருந்து சூடு எழுந்து முகத்தில் அடித்தது. ஒடிக்கொலோன் மணம். கைபிடி எங்கே. படி. இன்னொரு படி. தரை.

முன்னறையில் இழுவைக் கதவின் துவாரங்கள் வழியாகப் புள்ளி புள்ளியாக வெளிச்சம். சோபாவில் அன்ரன் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தான். செருப்புகள் கழற்றப்பட்டு அருகருகே இருந்தன. முடி நனைந்து, மறுபக்கம் வகிடெடுத்துச் சீவியிருந்தது. தாடைக்குக் கீழே சுருட்டிய துவாய். கைகள் மார்பில் கோர்த்திருந்தன. யன்னல் கண்ணாடி அகலத் திறந்திருந்தது.

மார்பு ஏறி இறங்கியது. உயிர் இருந்தது.

"அன்ரன். எழும்புங்கோ."

விரல் ஒன்றுகூட அசையவில்லை. கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலாக, படிக்கட்டின் உச்சியைப் பார்த்தன.

பிறகு கொஞ்சம் கீழே.

ஏழாவது படியின் உயரத்தில் நின்றன.

இன்னும் கொஞ்சம் கீழே.