புதைந்த படி

மூன் ஆற்றங்கரையில் உயரமான மரத்தூண்கள்மேல் நிற்கும் அந்த வீட்டுக்கு, மழை விட்ட ஒரு காலையில், ரம்பமும் இழைப்புளியுமாகப் போய்ச் சேர்ந்தேன். புவாலை அக்கா படியடியில் நின்றிருந்தார். நான்கு விரல் அகலப் பலகைகள், ஏணி போலச் செங்குத்து. அவர் புருஷன் தோங்சுக் போன வருஷம் அதில்தான் வழுக்கி விழுந்து செத்தார். படகு மோட்டார் விசிறியில் வலது காலின் இரண்டு விரலை இழந்த மனிதர். அந்தக் காலுக்கு அந்தப் படி போதவில்லை.

“எம் பொண்ணுக்கு எட்டு மாசம், தம்பி. பிரசவத்துக்கு வந்திருக்கா. யானை ஏறினாலும் வழுக்கக் கூடாது.”

மேலே வாசலில் வயிற்றைத் தாங்கி நின்ற ரச்சனி, “யானைன்னு என்னைத்தான் சொல்றாங்க, மாமா” என்றாள்.

ஐந்து நாள் வேலை. பாதம் முழுக்கப் பதியும் அகலம், சாணுக்கும் குறைந்த ஏற்றம், இருபக்கமும் கைப்பிடி. பழைய படி ஒன்பது, புதியது பதினொன்று. எங்கள் பக்கம் ஒற்றைப்படையில்தான் படி வைப்போம். இரட்டைப்படை செத்தவர்களுக்கு. அதில் அவர்கள் நடப்பார்கள். பலகை அறுக்கும்போதே இரண்டு தரம் எண்ணிக்கொண்டேன்.

அடியில் ஒரே சேறு. படி அமிழ்ந்துவிடுமோ என்று கடைசி நாள் சிமெண்டுக் கலவை கொட்டித் தளம் போட்டேன். காய்ந்ததும் கால் கழுவும் தண்ணீர்ச் சாடியையும் கொட்டாங்கச்சி அகப்பையையும் அக்கா அதன்மேல் வைத்தார்.

வேலை முடிந்த மூன்றாம் நாள் கைப்பிடிக்கு எண்ணெய் பூசப் போனேன். பட்டப்பகல். ஆனாலும் மழை மேகத்தில் வீட்டடி இருண்டு கிடந்தது. அக்கா சந்தைக்குப் போயிருந்தார்.

அகப்பை சொட்டிக்கொண்டிருந்தது.

படிகளில் ஈரப்பாதங்கள். பெரிய, ஆண் பாதங்கள். எல்லாம் மேலே போயிருந்தன.

வலது பாதத்தில் மூன்றே விரல்.

ஏறிப் போனேன். உள்ளே ரச்சனி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். “மாமா, மெதுவாப் பேசுங்க.”

“யாரும்மா வந்தது?”

“கால் கழுவுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஏறுற சத்தம். அப்புறம் என் வயித்து மேல சில்லுன்னு ஒரு கை.” வயிற்றை இரு கையாலும் மூடிக்கொண்டாள். “அப்பா கை எனக்குத் தெரியாதா? உங்க படிய எண்ணிப் பாத்தேன், மாமா. பத்துதான் இருக்கு.”

நான் பலகையை எண்ணியிருந்தேன். படியை எண்ணவில்லை. அடியில் இருந்த ஒன்றைத் தளம் முழுங்கியிருந்தது.

உளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. குனிந்து கொத்தினேன். பாதிக் காரை பெயர்ந்திருக்கும். மேலே பலகை முனகியது.

யாரோ இறங்கி வருகிறார்கள். அவசரமாக. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து.

நிமிரவில்லை. கொத்தினேன். சுருட்டு வாசனையும் ஆற்றுச் சேற்று வாசனையும் கழுத்தில் இறங்கின. கடைசிக் காரை பெயர்ந்து, புதைந்த படி வெளியே வந்தது.

சத்தம் நின்றது.

என் தலைக்கு நேர் மேலே.

அடுத்த மாதம் பேரன் நல்லபடியாகப் பிறந்தான். குழந்தை மணிக்கட்டில் காப்பாக வெள்ளை நூல் கட்டும் நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நூல் கட்டி முடித்ததும் அக்கா என்னை வாசலுக்கு அழைத்து வந்தார்.

“நல்ல படி, தம்பி. ஒருத்தரும் வழுக்கல.” குரலைத் தாழ்த்தினார். “அவரு மட்டும் தினம் பத்துப் படி இறங்குறாரு. பதினொண்ணுல கால் வைக்க முடியல. திரும்பிடுறாரு. பேரன் வர்றான்னு பாக்க வந்த மனுஷன், பாத்துட்டுப் போயிருப்பாரு. மறுபடி அத மூடிடேன்.”

“மூடாதீங்க, மாமா” என்றாள் உள்ளேயிருந்து ரச்சனி. “அப்பா இறங்குறதுக்குள்ள வேற யாராவது ஏறிட்டா?”

உள்ளே தொட்டில் கயிறு முனகியது. ரச்சனி தொட்டிலுக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை சிரித்தது.

இறங்கினேன். வானம் வெறிச்சென்று காய்ந்து கிடந்தது. கடைசிப் படியும் உலர்ந்திருந்தது.

அதற்கு மேலுள்ள படியில் ஈரப்பாதம். மூன்று விரல்களும் வீட்டைப் பார்த்திருந்தன.