குளியலறை மேலாளர்

டிர்ர்ர்ர்...!

செல்போன் அலறியது.

லாட்ஜின் பன்னிரண்டாம் நம்பர் அறை. அதன் குளியலறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் உறைந்தார்கள்!

கவிழ்த்துப் போட்ட வாளி மேல் மச்சான். கையில் சோப்பு டப்பாவும் சீப்புமாக மனைவி. சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு பூட்டு.

'பூட்டு' என்பது அவனுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் மூன்று தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். அப்பேர்ப்பட்ட ஜாக்கிரதைப் பேர்வழி, இன்று தன் வாழ்க்கையின் முதல் குற்றத்தைச் செய்யப்போகிறான்.

அதுவும் குளியலறையில்!

"எடுடா!" என்று கிசுகிசுத்தான் பூட்டு.

"இருங்க மாமா... தொண்டையைச் சரி பண்ணிக்கறேன்."

"கச்சேரியா பண்ணப்போற? எடு!"

விஷயம் இதுதான்...

திங்கட்கிழமை பூட்டுக்குப் புது ஊரில் புது வேலை. வீடு பார்த்தாயிற்று. ஆனால் வாடகை ஏஜென்ட் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு வேலை இருக்குன்னு உங்க ஆபீஸ் சொல்லணும். விசாரிக்க நாங்க ஆள் வச்சிருக்கோம். அவங்க சரின்னாத்தான் சாவி!"

பூட்டு புது ஆபீஸுக்குப் போன் போட்டான்.

"நீங்க வந்து சேர்றதுக்கு முன்னாடி உங்க கையில லெட்டர் எதுவும் தர மாட்டோங்க. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன என்று கேட்க அவனுக்குத் தெம்பில்லை. போனை வைத்துவிட்டான்.

பழைய வீட்டைக் காலி செய்தாயிற்று. சாமான் லாரி நாளைக்கு வந்துவிடும்.

"கட்டிலையும் பீரோவையும் இந்த லாட்ஜ் மாடியிலயாங்க ஏத்துவீங்க?" என்றாள் மனைவி.

ஏஜென்ட் கொடுத்த படிவத்தில் 'மேலாளரின் தொலைபேசி எண்' என்று ஒரு கட்டம். அதில் மச்சானின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டான் பூட்டு.

மச்சானுக்கு ஊரில் மைக் செட் தொழில். குரல் கணீரென்று இருக்கும். மேலாளருக்கு அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

மச்சான் போனை எடுத்தான். ஸ்பீக்கரைத் தட்டினான்.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ!"

பூட்டு தலையிலடித்துக்கொண்டான்.

எதிர்முனையில் ஒரு பெண் குரல். தேன் தடவிய கத்தி!

"வணக்கம் சார். வீட்டு வாடகை சம்பந்தமா ஒருத்தரைப் பத்தி விசாரிக்கணும். இந்தப் பேச்சு பதிவாகும். பரவாயில்லையா?"

"தாராளமா!"

மனைவி சீப்பால் சோப்பு டப்பாவைத் தட்டத் தொடங்கினாள். டக்... டக்... டக்... ஆபீஸில் நாலு பேர் டைப் அடிக்கிறார்களாம்!

"அவர் உங்க ஆபீஸ்லதான் வேலை பாக்கறாரா?"

"பத்து வருஷமா பாக்கறாரு மேடம்! தங்கமான மனுஷன்!"

"பத்து வருஷமா? படிவத்துல திங்கட்கிழமைதான் சேர்றார்னு போட்டிருக்கே?"

பூட்டு சட்டைப்பையைத் துழாவினான். பேனாவை எடுத்து, துண்டுக் காகிதத்தில் கிறுக்கி, மச்சான் மூக்குக்கு நேரே நீட்டினான்.

மச்சான் அதை அப்படியே கணீரென்று வாசித்தான்.

"இன்னும் சேரலைன்னு சொல்லித் தொலைடா மடையா!"

எதிர்முனையில் குரல் உயர்ந்தது.

"சார்?"

"அது... பக்கத்துல ஒரு ஸ்டாஃபைத் திட்டினேன் மேடம்."

அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து லாட்ஜ் மேனேஜர் கதவைத் தட்டினார்.

"பன்னெண்டாம் நம்பர்! சுடுதண்ணி வருது, புடிச்சுக்குங்க!"

"எங்க ஆபீஸ்ல எல்லா வசதியும் உண்டு மேடம்," என்றான் மச்சான், கொஞ்சமும் அசராமல்.

"புரிஞ்சுது சார். ரொம்ப நன்றி."

போன் கட்!

பூட்டு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வீடும் போச்சு... மானமும் போச்சு..."

"கடைசியில நன்றி சொன்னாங்களே மாமா?"

"தூக்குல போடறதுக்கு முன்னாடியும் மரியாதையாத்தான்டா பேசுவாங்க!"

ஆனால்...

மறுநாள் காலை ஏஜென்ட் அம்மாள் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினாள்!

"எல்லாம் சரியா இருக்காம். குடி வந்துக்குங்க."

மச்சான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பூட்டுக்குத்தான் தூக்கமில்லை. தெருவில் சைரன் கேட்டால் கட்டிலுக்கடியில் பார்வை போயிற்று. நுழைய முடியுமா என்று குனிந்தும் பார்த்தான். தொப்பை இடம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை.

புது ஆபீஸ். வேலையின் பெயர் 'தகவல் பரிசோதகர்'. என்ன தகவல், என்ன பரிசோதனை என்று நேர்முகத் தேர்வில் கேட்கவே பயந்திருந்தான்.

பயிற்சி அறை. புதியவர்கள் எட்டுப் பேர். கதவைத் திறந்துகொண்டு தலைமை அதிகாரி மேடம் வந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம்."

பூட்டு நாற்காலியில் நிமிர்ந்தான்!

அந்தக் குரல்... தேன் தடவிய கத்தி!

"வாடகை ஏஜென்ட்டுகளுக்காக, குடி வர்றவங்களை விசாரிச்சுச் சொல்றதுதான் நம்ம வேலை. வெள்ளிக்கிழமை நான் பேசின ஒரு போன் கால் இது. கேட்டுட்டு, எத்தனை தப்பு இருக்குன்னு சொல்லுங்க."

பொத்தானை அமுக்கினாள்.

'ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்...'

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. ஒருத்திக்குக் கண்ணில் தண்ணீர். பூட்டும் சிரித்தான். அழுவது மாதிரி இருந்தது.

"நீங்க சொல்லுங்க சார்!" மேடத்தின் விரல் அவனை நோக்கி நீண்டது.

எழுந்தான்.

"மைக் டெஸ்டிங்... பத்து வருஷம்... சீட்டை வாசிச்சது... சுடுதண்ணி... அந்த டைப் சத்தம், அது... சீப்பு மேடம். சோப்பு டப்பா மேல."

"அட! சீப்பு எனக்கே தெரியாது. மொத்தம் அஞ்சு. ஆறாவது?"

"தெ... தெரியலை மேடம்."

"மத்தவங்க டீ குடிச்சுட்டு வாங்க."

அறை காலியாயிற்று. கதவு சாத்திக்கொண்டது.

"ஆறாவது தப்பு என்ன தெரியுமா? அந்தப் போன் காலே தேவையில்லை!"

"மேடம்...?"

"படிவத்துல இருக்கற நம்பரை நாங்க நம்பறதே இல்ல. ஆபீஸ் நம்பரை நாங்களே தேடிப் புடிப்போம். உங்க விஷயத்துல தேடவே வேணாம், உங்களுக்கு வேலை குடுத்தவங்க பக்கத்து மேஜை! வியாழக்கிழமையே உறுதி பண்ணியாச்சு. 'உங்க கையில தர மாட்டோம், ஆனா விசாரிக்கறவங்க கேட்டா சொல்லுவோம்'னு அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள போனை வச்சுட்டீங்களாமே?"



"அப்புறம் ஏன் மேடம் கூப்பிட்டீங்க?"

"நம்ம ஆபீஸ்ல எனக்குத் தெரியாம ஒரு மேலாளரா? பாத்துடலாம்னு ஒரு ஆசைதான்!"

"வேலை... போயிடுச்சா மேடம்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"போயிருக்கணும். ஆனா பயத்துல கூட சீப்பை ஒளிக்காம சொன்னீங்க பாருங்க! இவ்வளவு கேவலமா பொய் சொல்ற ஆள் ஏஜென்ட்டுகளை ஏமாத்தவே முடியாது. ஆறு மாசம் என் பார்வையிலதான் இருப்பீங்க. ஒரு பொய், வெளியே! சரி... அந்தக் குரல் யாரு?"

"என் மச்சான் மேடம்."

"நம்பர் என்கிட்டயே இருக்கு. பயிற்சிக்குப் பொய்யா பேசிக் காட்ட ஒரு ஆள் தேடிட்டிருக்கேன்."

சாயங்காலம் புது வீட்டுக் கதவைப் பூட்டி, இரண்டாவது தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது செல்போன் அலறியது.

"மாமா! உங்க மேடம் என்னை வேலைக்குக் கூப்பிடறாங்க! ஆனா என்னைத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் நம்பர் வேணுமாம். ஒண்ணு உங்களுது குடுத்துட்டேன்."

"சரி... இன்னொண்ணு?"

"அதுவும் உங்களுதுதான் மாமா. ரெண்டாவது தடவை எடுக்கும்போது குரலை மட்டும் மாத்திக்குங்க!"