இஸ்திரி போட்ட நிலா

மழை திடீரென்று வந்தது. றஹ்மா காகிதச் சுருள் ஒன்றை முந்தானைக்குள் அணைத்தபடி, திருகோணமலைத் துறைமுக வீதியில் இருந்த தையல் கடைக்குள் ஓடினாள்.

மெசினிலிருந்து ஒருவன் நிமிர்ந்தான். கறுத்த, சிரிக்கிற கண்கள்...

“கைப்பிள்ளையைத் தூக்கிற மாதிரியெல்லே தூக்கி வாறீங்க...”

“இது படம்,” என்றாள். முகம் சூடாகியது.

அவன் பெயர் சரீப். கப்பற்காரருக்கு உடுப்புத் தைப்பவன். மழை விடும்வரை அவள்தான் கதைத்தாள். பேராதனையில் விஞ்ஞானம் படித்தபோது ஒரு மெக்சிக்கோ ஓவியரின் அச்சுப்படத்தைப் பார்த்தது, அன்றிலிருந்து அவருடைய படங்களைச் சேர்ப்பது, கப்பலில் கழித்த சாமான் விற்கும் கடையில் எப்போதாவது ஒன்று கிடைப்பது, சிவப்பு நிலாப் படம் மட்டும் இன்னும் கிடைக்காதது...

பிறகு, கழலாத பொத்தான்களைத் தானே கழற்றிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள்.

ஒருநாள் அவன் சிவப்பு நிலாவை நீட்டினான். கப்பற்காரன் ஒருவனிடம் கெஞ்சி வாங்கியது. அவள் ஆசையோடு தடவினாள். விரல் வழுக்கிப் போனது.

அந்த ஓவியரின் படங்களில் உருவங்கள் தடித்த காகிதத்திலிருந்து மேடாக எழும்பி நிற்கும். தையற்காரனோ இஸ்திரி போடாமல் எதையும் கையில் கொடுக்கமாட்டான். மேடுகளைக் கசங்கல் என்று நினைத்து, ஈரத்துணி விரித்துத் தேய்த்திருந்தான்.

“உங்களுக்கு இதெல்லாம் என்னத்த விளங்கப்போகுது...”

சொல்லிவிட்டாள். அவன் கண்கள் தாழ்ந்தன.

மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பட்டதாரி என்ற கர்வம். அது கரைந்தபோது வாப்பா கிண்ணியாவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். சீதன வீட்டுக்கு வெள்ளையும் அடித்தாயிற்று.

ஒன்றும் தெரியாத அவள் மாமி, அவளுடைய கலியாணச் சட்டையைத் தைக்கக் கொடுத்தது சரீபிடம். கலியாணத்துக்கு முதல்நாள் றஹ்மாவே எடுக்கப் போனாள். அன்றும் மழை. அவன் நிமிராமல் நீட்டினான். சட்டை கசங்கியிருந்தது.

“இஸ்திரி போடேல்ல. உங்கட சாமானில கை வைக்கப் பயமாக் கிடக்கு.”

அவள் கசங்கல் ஒன்றை விரலால் தடவினாள்.

“மத்தப் படமெல்லாம் அலுமாரிக்குள்ள கிடக்கு... நீங்க தந்தது மட்டும் என்ர தலையணைக்குக் கீழ. நித்திரை வராட்டி அதைத்தான் தடவுறனான்.”

இப்போது நிமிர்ந்தான். அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை.

“அண்டைக்கு நீங்க நனைஞ்சு வந்து நிண்டீங்களே... அப்பவே எனக்கு உங்களில விருப்பம். இனி என்ன செய்ய ஏலும்?”



அவன் சட்டையைத் திரும்ப வாங்கி மேசையில் விரித்தான். இஸ்திரிப் பெட்டிக்குள் கரி சிவந்திருந்தது. நாளை இன்னொருவனுக்காக அவள் உடுத்தப்போகும் சட்டையின் கசங்கல்களை மெதுவாக... மிக மெதுவாகத் தேய்த்தான்.

மழை விட்டிருந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.