வள்ளிநாயகி கண்ட ஜோடி

“அசையாதீங்க! அப்படியே நில்லுங்க… காலுக்குக் கீழ பாருங்க!”

பாம்பு என்றுதான் நினைத்தாள் வள்ளிநாயகி. அவள் துள்ளிய துள்ளலில் வாளி கவிழ்ந்தது. காலையெல்லாம் மரத்தில் கட்டிய மங்கு மங்காகச் சேர்த்த ரப்பர் பால் வெள்ளை வெளேரென்று மண்ணில் ஓடியது.

உளுத்த மரத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். முழங்கால் இரண்டிலும் சேறு… மூக்குக் கண்ணாடியில் மழைத்துளி. அவளைப் பார்க்காமல் நேரே மண்டியிட்டு, அவள் கால் இருந்த இடத்திலிருந்து எதையோ இரு கைகளாலும் அள்ளினான்.

“நல்லவேளை… மிதிச்சிருப்பீங்க.”

கறுப்புக் கவசம் போட்ட, ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் மின்னும், விரல் நீளப் பூச்சி!

“இந்தப் பூச்சிக்கா இப்படிக் கத்துனீங்க? என் பாலுக்கு யார் பதில் சொல்றது? உங்க பூச்சியா?”

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபத்தில் இன்னும் பெரிதாகத் தெரிந்த அந்தக் கண்களைப் பார்த்து, சொல்ல வந்ததை மறந்துபோனான்.

“ஸாரி லா…” என்றான் அந்த ஊர்ப் பேச்சில், அசட்டுத்தனமாக.

பெயர் சாத்தப்பன். சிரம்பான் செட்டியார் வீட்டுப் பிள்ளை. வட்டிக்கடையில் உட்காராமல் பல்கலைக்கழகத்தில் வண்டுகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தான். கோலா பிலாவைத் தாண்டி, மலைக்காட்டை ஒட்டியிருந்த அந்தத் தோட்டத்துக்கு, தொண்ணூற்றாறாம் வருஷ மழைக்காலத்தில் வாரந்தோறும் மோட்டார் சைக்கிளில் வர ஆரம்பித்தான். வள்ளி மரம் சீவும் இடமும் அந்தக் காட்டோரம்தான்.

இரண்டாம் வாரம் அவளே கேட்டாள். “இந்தக் கவசப் பூச்சியோட ஆம்பளைய பார்த்திருக்கீங்களா?”

“இல்லை. கண்ணுல படுறதெல்லாம் பொம்பளைதான். எத்தனையோ பேர் தேடியாச்சு, சுலபத்துல கிடைக்காது.”

“நான் பார்த்திருக்கேன். சின்னூண்டு… கறுப்பா, சிறகு வச்சது. காலையில பெரட்டுல பேர் கொடுத்துட்டு வேலைக்கு வந்தப்ப இதுமேல உட்கார்ந்திருந்துச்சு. பால் எடுக்கத் திரும்பி வந்தப்பவும் அப்படியே இருந்துச்சு.”

அவன் சிரித்துவிட்டான். கேலிச் சிரிப்பில்லை என்றாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின் ஒன்றை அவன் முன் வைத்தாள். உள்ளே ஈர இலைமேல் கவசப் பூச்சி. அதன் முதுகில், அரிசிமணியைவிடச் சற்றே பெரிய கறுப்பு வண்டு. நாலு நாள் சாப்பாட்டு நேரத்தை எல்லாம் காட்டோரத்திலேயே கழித்து அவள் பிடித்த ஜோடி!

லென்ஸ் வைத்துப் பார்த்தவன் தலையை ஆட்டினான். “இந்தச் சின்னதை நாங்க மின்மினிக் குடும்பத்துல வச்சிருக்கோம். பெரிசு வலைச்சிறகு வண்டுக் குடும்பம். வேற வேற குடும்பங்க. தற்செயலா ஏறி உட்கார்ந்திருக்கும்… இதெல்லாம் படிச்சவங்களுக்கே குழப்பம், மரம் சீவுறவங்க பார்த்து எப்படி…”

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே சுட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

அவள் முகம் வாடவில்லை… இறுகியது. “மரம் சீவுறவ கண்ணு தப்பா பார்த்தா பட்டை போயி மரமே செத்துரும், சார். தினம் முந்நூறு மரம் பார்க்கிற கண்ணு இது. டின்ன எடுத்துக்கிட்டுப் போங்க. இனிமே என் பக்கம் வராதீங்க.”

அவன் போனான். ஒரு மாதம்… இரண்டு மாதம். காட்டோரம் மோட்டார் சத்தம் கேட்கவே இல்லை. ‘நல்லதுதான்’ என்று சொல்லிக்கொண்டாள் வள்ளி. ஆனாலும் சாலையில் எந்த மோட்டார் போனாலும் அவள் கத்தி ஒரு கணம் நின்று விடுகிறதே… ஏன்?

ஒருநாள் நண்பகல். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பால் நிறுக்கும் கொட்டகைக்கு வெளியே சாத்தப்பன் நின்றிருந்தான், சொட்டச் சொட்ட நனைந்து. சட்டைக்குள் அணைத்து வைத்திருந்த உறையை மட்டும் மழை தொடவில்லை.

“ஒரே ஒரு நிமிஷம், வள்ளி. திட்டணும்னா அப்புறம் திட்டுங்க.”

உறையிலிருந்து எக்ஸ்ரே படம் போன்ற ஒன்றை எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தான். ஏணிப்படிகள் போலக் கறுப்புக் கோடுகள்… நூற்றுக்கணக்கில்.

“ரெண்டுகிட்டருந்தும் ஆளுக்கொரு கால் எடுத்து டி.என்.ஏ. பார்த்தேன். எல்லா உயிருக்குள்ளயும் இருக்கிற எழுத்து அது. நாலே நாலு எழுத்துதான். அத மாத்தி மாத்தி அடுக்குனதுதான் நீங்க, நான், நீங்க பால் எடுக்கிற இந்தக் கித்தா மரம், அந்த வண்டு… எல்லாமே.”

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அருகில் வந்தாள்.

“இடப்பக்கம் பெரிசு. வலப்பக்கம் சின்னது. நீங்களே படிங்க.”

விரல் நுனியால் படிப்படியாக இறங்கினாள். இங்கே ஒரு கோடு… அங்கேயும் அதே உயரத்தில். இங்கே இடைவெளி… அங்கேயும். பத்து, இருபது, நூறு… பிசகவே இல்லை. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உருவத்தில் மலையும் மடுவுமாக இருந்த இரண்டுக்குள்ளும் யாரோ உட்கார்ந்து ஒரே பாட்டை எழுதி வைத்திருக்கிறார்களே! கண்கள் தானாகவே நிறைந்தன.

“ஒரே குடும்பம்தான்,” என்றான் அவன் மெதுவாக. “ஒரே இனம். ஆணும் பெண்ணும். நான் படிச்சது தப்பு… நீங்க பார்த்தது சரி. கட்டுரையில உங்க பேரும் வரும்.”

“அது நியாயம். அதுக்கு நன்றி சொல்ல மாட்டேன்.”

“சொல்ல வேணாம். அன்னிக்குச் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புத்தான் கேட்க வந்தேன்.”

“ஒருவேளை… கோடு ரெண்டும் சேராமப் போயிருந்தா?”

“அப்பவும் வந்திருப்பேன்.” கண்ணாடியைக் கழற்றி, நனைந்த சட்டையிலேயே துடைத்தான். “ரிசல்ட் வந்து மூணு வாரம் ஆச்சு, வள்ளி. உங்க முன்னால வந்து நிக்கப் பயந்துக்கிட்டேதான் இருந்தேன். ஆத்தாகிட்ட உங்களைப் பத்திச் சொன்னேன். தோட்டத்துப் பொண்ணான்னு மூணு நாள் என்கூடப் பேசல. நாலாம் நாள் சோறு போடுறப்ப, ‘அந்தப் பொண்ணு பேரென்ன’ன்னு கேட்டாங்க.”

வள்ளி படத்தைக் கீழே இறக்கவில்லை. அதன் வழியே வந்த வெளிச்சம் அவள் கன்னத்தில் கோடு கோடாக விழுந்தது.

“சொன்னீங்களா?”

“சொன்னேன். எனக்குப் பிடிச்ச பேருன்னும் சொன்னேன்.”

கொட்டகைக்குள்ளிருந்து யாரோ அவள் பெயர் சொல்லி நிறுவைக்குக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. கோடுகளையே பார்த்தபடி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“ரெண்டு மாசம்… எந்த மோட்டார் போனாலும் நீங்கதானோன்னு பார்த்து, பத்துப் பதினஞ்சு மரத்துல வெட்டு கோணலாப் போச்சு. வெட்டைச் சரிபார்க்க வர்ற மண்டோர்கிட்ட ஏச்சு வேற. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு லா, சாத்தப்பன்…”